காயாத சுண்ணாம்பு

அதிதிக்குப் புகுந்த வீட்டில் ‘ராசிக்காரி’ என்று பெயர். அந்தப் பெயரை வாங்கித் தந்தது ஓர் அணைக்கட்டு.

அவளுடைய மாமியார் ருக்மிணி மல்லேஸ்வரம் காய்கறிக் கடை வாசலில் நின்றாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, அந்தக் கதையைச் சொல்லாமல் நகர மாட்டாள். “எங்க சுஹாஸ் பார்த்துக்கற டேம் இருக்கே, நூறு வருஷமா ஒழுகிண்டிருந்தது. இவ எங்காத்துல காலடி எடுத்து வெச்சா பாருங்கோ, அந்த வருஷமே ஒழுகறது நின்னுடுத்து.” கேட்டவர்கள் அதிதியைத் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார்கள். அவள் ஒரு சிரிப்பைச் சிரித்து வைத்துவிட்டு பீன்ஸ் பொறுக்கத் திரும்பிவிடுவாள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. சுஹாஸ் ஒரு சின்ன நீர்மின் நிலையத்தின் மேனேஜர். பெங்களூரிலிருந்து மேற்கே மலைப்பக்கம் நாலு மணி நேரப் பயணம். மகாராஜா காலத்தில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய அணை. அதன் கீழே பழைய டர்பைன்கள் இரண்டு. அணைகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ரேட்டிங் உண்டு: திருப்தி, சுமார், மோசம், ஆபத்து. கசிவு அதிகம் என்பதால் இந்த அணை வருஷக்கணக்கில் ‘மோச’த்திலேயே கிடந்தது. சுஹாஸுக்கும் அதிதிக்கும் கல்யாணமான வருஷம் கசிவு பாதிக்கும் கீழே இறங்கியது. ரேட்டிங் ‘சுமார்’ ஆயிற்று. அடுத்த வருஷம் ‘திருப்தி’. சுஹாஸுக்குப் பதவி உயர்வு வந்தது. ருக்மிணி ஈசுவரன் கோவிலில் அபிஷேகம் செய்தாள், மருமகள் பெயரில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதிதியின் தொழிலே அணைகளைப் பரிசோதிப்பதுதான். ராஜாஜிநகரில் ஷங்கர் என்பவர் நடத்தும் சிறிய நிறுவனத்தில் அவள் இன்ஜினியர். சுஹாஸின் அணைக்கு ரேட்டிங் போடுவதும் அந்த நிறுவனம்தான். கல்யாணப் பத்திரிகையை நீட்டிய அன்றே ஷங்கர் சொல்லிவிட்டார்: “புருஷன் பரீட்சை எழுதுற ஹாலுக்குப் பொண்டாட்டி சூப்பர்வைசரா போகக் கூடாதும்மா. அந்த அணைய இனிமே நானே பார்த்துக்கிறேன்.” அதிதியும் அந்தக் கட்டுப்பாட்டை மதித்தாள். கல்யாணமான புதிதில் ஊழியர்கள் மாலை போட்டு வரவேற்றபோது மணப்பெண்ணாக ஒரு தரம் போய் வந்ததோடு சரி.

கால் பட்டால் கசிவு நிற்காது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மாமியார் மெச்சும் மருமகளாக இருப்பதில் ஒரு சுகம் இருந்தது. யாரும் கேட்காத கேள்வியைத் தானும் கேட்காமல் இருந்துவிட்டாள்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவள் வந்தே ஆகவேண்டும் என்று சுஹாஸ் அடம் பிடித்தான். மின்நிலையத்தை ஒரு பெரிய கம்பெனி வாங்கப் போகிறது. திங்கட்கிழமை கையெழுத்து. வாங்குகிறவர்கள் சுஹாஸையே வைத்துக்கொண்டு இன்னும் மூன்று நிலையங்களை அவன் கையில் ஒப்படைக்கப் போகிறார்கள். “நீ பக்கத்துல நின்னா எல்லாம் நல்லபடியா முடியும்” என்றான். “நீயுமா?” என்று அவள் கேலி செய்தாள். “எங்கம்மா பிள்ளை இல்லையா நான்” என்றான் அவன்.

பூஜை என்னவோ கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. டர்பைன்களுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. ஸ்பானருக்குக்கூடப் பொட்டு. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். அணையின் கீழ்ப்பக்கச் சுவரில் இரண்டு ஆள் உயரத்துக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து, அடியில் காவிப் பட்டை போட்டிருந்தார்கள். அணைக்குள் தண்ணீர் விளிம்பு தொட்டு நின்றது.

பிரசாதத் தொன்னையோடு சுவர் ஓரமாக நடந்த அதிதி ஓரிடத்தில் நின்றாள். முந்தாநாள் அடித்த சுண்ணாம்பு எங்கும் பளீரென்று காய்ந்திருந்தது. அவள் தலைக்கு மேலே ஓரிடத்தில் மட்டும், வாழை இலை அகலத்துக்கு, சாம்பல் நிறமாக ஈரம். எம்பித் தொட்டாள். விரலோடு பசை மாதிரி வந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அதேபோல இன்னொன்று. அவ்வளவு உயரத்தில் ஈரத்துக்கு என்ன வேலை?

அவள் குனிந்து சுவரின் அடியைப் பார்த்தாள். இந்த மாதிரி அணைகளில் அடிப்பக்கம் வரிசையாகத் துளைகள் இருக்கும். அஸ்திவாரத்துக்குள் புகுந்த தண்ணீர் வெளியேறும் வழி அது. துளைகளைக் காணோம். சுண்ணாம்புக்குக் கீழே வட்ட வட்டமாகச் சிமெண்ட் பூச்சுதான் கைக்குத் தட்டுப்பட்டது.

ஃபோர்மன் சித்தலிங்கய்யா ஓடி வந்தார். “சென்னாகிதீரா மேடம், நல்லா இருக்கீங்களா? ஏன் இங்க நிக்கறீங்க?” கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர்.

“இங்க ஓட்டை இருக்குமே, எங்கே?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நிம்ம சீரேகோஸ்கர மேடம்” என்றார். உங்கள் புடவைக்காகத்தான். “கல்யாணமாகி வந்தீங்க இல்ல, அன்னிக்கு இந்த வழியெல்லாம் தண்ணி, பாசி. உங்க பட்டுப் புடவை நனையக் கூடாதுன்னு சாரு சொன்னாரு. கோணிச் சாக்கைத் திணிச்சு சிமெண்ட் போட்டோம். எவ்வளவு நீட்டா ஆயிடுச்சு. அதுலேர்ந்து ஒவ்வொரு பூஜைக்கும் எங்க பூச்சு விட்டிருக்கோ பார்த்து மறுபடி பூசிடறோம்.”

அதிதி தொன்னையில் மிச்சமிருந்த சுண்டலைச் சாப்பிடாமலே கீழே வைத்தாள்.

*

திரும்பி வரும்போது பீன்யா மேம்பாலத்தின் மேல் வண்டி நின்றேவிட்டது. முன்னால் பின்னால் எல்லா வண்டிகளிலும் வாழைக்கன்று கட்டியிருந்தது. ரோடெல்லாம் நசுங்கிய பூசணி. 

“என்ன, மௌன விரதமா?” என்றான் சுஹாஸ். “சர்க்கரைப் பொங்கல்ல முந்திரி கம்மியா?”

“அந்த ஓட்டையெல்லாம் நீயா அடைக்கச் சொன்னே?”

அவன் சிரித்தான். “சித்தலிங்கய்யா சொல்லிட்டாரா? மூணு வருஷமா ரகசியமா வெச்சிருந்தேன். நீ மைசூர் சில்க் கட்டிண்டு, ஹீல்ஸ் போட்டுண்டு வரே. வழுக்கி விழுந்தா எங்கம்மா என்னை உயிரோட விடுவாளா?”

“அப்புறம் ஏன் எடுக்கல?”

“எதுக்கு எடுக்கணும்? அதான் ஒழுகலையே.”

“சுஹாஸ், அது ஒழுகறதுக்காகவே வெச்ச ஓட்டை.”

அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். வண்டி இரண்டு அடி நகர்ந்தது. அதிதி மெதுவாகத்தான் சொன்னாள். அணைக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் புகும். வெளியே போக வழி இருந்தால் போய்விடும். வழியை அடைத்தால் உள்ளேயே நின்று அணையைக் கீழேயிருந்து மேலே தூக்கப் பார்க்கும். கனத்தை மட்டும் நம்பி நிற்கிற அணை அது. தூக்கத் தூக்க அதன் கனம் குறைந்த மாதிரி. கசிவு குறைந்ததென்று மூன்று வருஷமாகச் சந்தோஷப்பட்டார்களே, அது குறையவில்லை. வேறு வழி தேடி ஏறிக்கொண்டிருக்கிறது. இன்று தலைக்கு மேலே வந்துவிட்டது.

“ஷங்கர் சார் பார்த்தாரே? அவர்தானே திருப்தின்னு போட்டார்? அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?”

“அவர் வரது பூஜை முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு. அப்போ தண்ணி இறங்கியிருக்கும். சுண்ணாம்பும் காஞ்சிருக்கும். வெள்ளையா, உலர்ந்து, அழகா இருக்கும் எல்லாம்.”

சுஹாஸ் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். அவன் பயந்தால் செய்கிற காரியம் அது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். “திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோயேன். கையெழுத்து ஆன மறுநாளே நானே நின்னு ட்ரில் போட்டுத் திறக்கச் சொல்றேன்.”

“வாங்கறவாளுக்குத் தெரிய வேண்டாமா?”

“தெரிஞ்சா வாங்குவாளா? ரேட்டிங் மறுபடி மோசத்துக்குப் போகும். அடைக்கச் சொன்னது யாருன்னு கேப்பா. நான்தான்னு சொல்லணும். அதுவும் எதுக்குன்னு சொல்லணும். பெண்டாட்டி புடவைக்குன்னு.” கடைசிச் சொல்லில் அவனுக்கே சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. “அதிதி, நான் உன்னைப் பெண்டாட்டியா கூட்டிண்டு போனேன். இன்ஸ்பெக்டரா இல்ல.”

அந்த வார்த்தை அவளை என்னவோ செய்தது. மூன்று வருஷத்தில் அவன் அவளிடம் கேட்ட பெரிய உதவி இது ஒன்றுதான். அவன் பக்கம் பாராமல் சொன்னாள்: “சரி. திங்கட்கிழமை வரைக்கும் நான் யார்கிட்டயும் பேசல. ஆனா நீ இன்னிக்கே அடிமதகைத் திறந்து தண்ணிய இறக்கணும். கீழே வீடெல்லாம் இருக்கு.”

“இறக்கறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா” என்று சொல்லி, அவள் எதிரிலேயே சித்தலிங்கய்யாவுக்குப் போன் போட்டான்.

வீட்டு வாசலில் ருக்மிணி ஆரத்தித் தட்டோடு நின்றாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “நல்ல நாளும் அதுவுமா என்னடா இது, ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுண்டு? டேம் எப்படி இருக்கு?”

“நன்னா இருக்கும்மா” என்றான் சுஹாஸ்.

“இருக்காதா பின்னே? என் மாட்டுப்பொண் போயிட்டு வந்திருக்காளே.” ஆரத்தித் தண்ணீரில் விரலைத் தோய்த்து மருமகளின் நெற்றியில் பொட்டு வைத்தாள். அதிதிக்குத் தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

*

சனிக்கிழமை தூறல். ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைப்பக்கம் கனமழை என்று டிவியில் சொன்னார்கள். சுஹாஸ் விடிந்ததும் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வாங்க வருகிறவர்களைக் கவனிக்க ஹோட்டலுக்குப் போய்விட்டான். இரண்டு நாளாக அவன் அவளிடம் இதமாகவே நடந்துகொண்டான். காபி கலந்து கொடுத்தான், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டு வந்தான். அந்த இதமே அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

மத்தியானம் மனம் கேட்காமல் சித்தலிங்கய்யாவைப் போனில் அழைத்தாள். மழைச் சத்தத்துக்கு மேலே அவர் கத்திப் பேசினார்.

“மதகா மேடம்? வியாழக்கிழமை, பூஜை அன்னிக்கே திறந்தோம். ரெண்டு அடி இறங்கிச்சு. நேத்து சார் போன் பண்ணி மூடச் சொல்லிட்டாரு. நேத்து அந்தப் பெரிய கம்பெனி ஆளுங்க வந்து பார்த்தாங்க இல்ல, ரெண்டு மிஷினும் ஃபுல்லா ஓட தண்ணி உசரமா நிக்கணும்னு. இப்ப தண்ணி மேல வழியுது.”

“அந்த ஈரம்?”

“அதுவா? மழையில ஒண்ணும் தெரியலை மேடம். ஆனா கீழே, நம்ம குவார்ட்டர்ஸ் பக்கம், தரையில தண்ணி ஊறுது. மழைத் தண்ணியா வேற தண்ணியா தெரியலை.”

அணை கெட்டியா இல்லையா என்பது ஒரு கணக்கு. அது போனால் கீழே யார் இருக்கிறார்கள் என்பது இன்னொரு கணக்கு. இந்த இரண்டாவது கணக்கை அதிதி எத்தனையோ அணைகளுக்கு மேஜையில் உட்கார்ந்து போட்டிருக்கிறாள். இங்கே அவளுக்கு முகங்கள் தெரியும். சித்தலிங்கய்யாவின் மனைவி அவளுக்குத் தலையில் வைக்கக் கனகாம்பரம் கொடுத்தவள். குவார்ட்டர்ஸுக்குக் கீழே பால் சொசைட்டி, அதற்கும் கீழே ஆற்றோரமாக ஒரு தெரு.

சுஹாஸை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தாள். ‘மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன்’ என்று தானாக ஒரு செய்தி வந்தது. அவள் எழுதினாள்: ‘மதகு மூடியிருக்கு. தரையில் தண்ணி ஊறுது. உடனே திறக்கச் சொல். இல்லன்னா நான் ஷங்கர் சார்கிட்ட போறேன்.’ அனுப்பிவிட்டு உட்கார்ந்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பார்த்ததற்கான அடையாளம் வரவில்லை.

சமையலறையிலிருந்து ருக்மிணி கேட்டாள்: “இந்த மழையில எங்கடி கிளம்பறே?”

“ஷங்கர் சார் ஆத்துக்கு.”

“ஞாயித்துக்கிழமை அவா வீட்ல என்ன வேலை?”

அதிதி ரெயின்கோட்டின் பித்தானைப் போட்டபடியே சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில். ருக்மிணிக்கு ஓட்டையும் சிமெண்டும் புரிந்ததோ இல்லையோ, ஒன்று நன்றாகப் புரிந்தது. “சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்துட்டு, இப்போ சொல்லப் போறயா?”

“ஆமாம்மா.”

“ஆம்படையானைக் காட்டிக் குடுக்கவா போறே?”

அதிதி ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஷங்கர் வீடு லிங்கராஜபுரத்தில். சர்ச்சிலிருந்து வந்து, சாப்பிட்டு முடிக்கும் நேரம். அவர் மனைவி டோரதி கதவைத் திறந்தாள். “ஐயோ, தொப்பலா நனைஞ்சிருக்கியே. உள்ள வா, துண்டு தரேன். நீ பிரியாணி தொட மாட்டே, தயிர் சாதம் போடட்டா?”

“வேண்டாம் அக்கா. சாரைப் பார்க்கணும்.”

ஷங்கர் கேட்கக் கேட்கத் தட்டைத் தள்ளி வைத்தார். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. “கசிவு குறைஞ்சா நல்லதுன்னுதானே யாரும் நினைப்பாங்க? நூறு அணை பார்த்திருக்கேன் நான்.” பிறகு தானே எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். “சுவரின் அடி உலர்ந்துள்ளதுன்னு என் கையாலேயே எழுதினேன். உலர்ந்திருக்கு. ஏன் உலர்ந்திருக்கு, துளையெல்லாம் எங்க போச்சுன்னு சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்க்கல. எல்லாரும் ரேட்டிங் ஏறினதுல சந்தோஷமா இருந்தாங்க. எனக்கும் நல்ல பேரு.”

“இப்போ என்ன சார் பண்றது?”

“உன் புருஷனுக்குத் தெரியுமா நீ இங்க வந்தது?”

“மெசேஜ் அனுப்பிருக்கேன். பார்க்கல.”

“யோசிச்சுக்கோ அதிதி. நான் இந்தப் போனைத் தூக்கினா அப்புறம் கீழ வைக்க முடியாது. கம்பெனி முதலாளிக்குச் சொல்லணும், ஜில்லா ஆபீசுக்குச் சொல்லணும். ரேட்டிங்க இன்னிக்கே ஆபத்துன்னு மாத்தணும்.”

டோரதி துண்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். அதிதி தன் போனை இன்னொரு தரம் பார்த்தாள். செய்தி அப்படியே கிடந்தது.

“தூக்குங்க சார்” என்றாள்.

*

ஹோட்டலில் நடந்ததை அவள் பிற்பாடுதான் கேள்விப்பட்டாள். சாப்பாட்டு மேஜையில், வாங்க வந்தவர்களுக்கு நடுவில், முதலாளியின் போன் அடித்ததாம். அவர் கேட்டுக்கொண்டே சுஹாஸின் முகத்தைப் பார்த்தாராம். “உன் வைஃப் எங்கே வேலை பார்க்கறாங்க?” என்று எல்லார் எதிரிலும் கேட்டாராம். சுஹாஸ் அப்போதுதான் தன் போனை எடுத்துப் பார்த்திருக்கிறான். அங்கிருந்தே காரை எடுத்துக்கொண்டு அணைக்குப் போய்விட்டான். வீட்டுக்கு ஒரு வார்த்தை இல்லை.

அவனைப் பற்றிய தகவலெல்லாம் ஷங்கர் மூலம்தான் வந்தது. மதகு முழுசாகத் திறந்தாயிற்று. குவார்ட்டர்ஸ்காரர்களையும் ஆற்றோரத் தெருக்காரர்களையும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தாயிற்று. தண்ணீர் இறங்கிய பிறகு துளைகளை ஒவ்வொன்றாகக் குடைந்தார்கள். சில துளைகளில் மட்கிய சாக்குதான் வந்தது, தண்ணீர் வரவில்லை. நடுவில் இருந்த ஒன்றைக் குடைந்தபோது ட்ரில்லையே தள்ளிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சியடித்ததாம்; பிடித்திருந்த சுஹாஸ் மல்லாந்து விழுந்தானாம்.

“நாம சொல்லாம இருந்திருந்தா உடைஞ்சிருக்குமா சார்?” என்று அதிதி கேட்டாள்.

ஷங்கர் சொன்னார்: “யாருக்கும்மா தெரியும்? இன்னும் பத்து வருஷம் நின்னிருக்கலாம். அன்னிக்குச் சாயங்காலமே போயிருக்கலாம். நின்ன அணையை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது.”

அதுதான் அவளை வாட்டியது. இடிந்திருந்தால் தான் செய்தது சரி என்று ஊரே சொல்லும். அப்படி ஒரு சரியை மனுஷி விரும்புவாளா? இடியவில்லை. கையெழுத்து நின்றுபோயிற்று, சுஹாஸை வேலையிலிருந்து விலக்கி வைத்தார்கள், ஷங்கரின் நிறுவனத்தின் மேல் விசாரணை. இவ்வளவும் நடந்தது. அணை மட்டும் ஒன்றும் அறியாத மாதிரி நின்றுகொண்டிருந்தது.

வீட்டில் ருக்மிணி அவளோடு தேவைக்கு மேல் பேசவில்லை. சாதம் போடுவாள், ரசம் ஊற்றுவாள், போய்விடுவாள். ஒரு தரம் பக்கத்து வீட்டுக்காரி மமதா வாசலில் நின்று, “எல்லாம் நல்லதுக்குத்தான் மாமி, உங்க மருமக ராசி” என்று ஆறுதல் சொல்லப்போக, “ராசியும் இல்ல, மண்ணும் இல்ல. கோணிச் சாக்கு” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். உள்ளே வந்து, காய் நறுக்கிக்கொண்டிருந்த அதிதியிடம் திடீரென்று கேட்டாள்: “அந்தத் தெருவுல கொழந்தைகள் இருக்கா?”

“இருக்கும்மா. நிறைய.”

ருக்மிணி கத்தியை மருமகள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “நீ போய்ப் படு. ரெண்டு நாளா தூங்கல” என்றாள். குரலில் கனிவு இருந்ததா என்று சொல்ல முடியாது.

சுஹாஸ் புதன்கிழமை மத்தியானம் வந்தான். ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த அதே நல்ல சட்டை, சேறு காய்ந்து அட்டை மாதிரி ஆகியிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு. குளித்துவிட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். அதிதி டெட்டாலும் பஞ்சும் எடுத்து வந்தாள். அவன் கையை நீட்டினான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“வலிக்கறதா?”

“இல்ல.”

வெளியே தெருவில் பழைய பேப்பர்காரன் கூவிக்கொண்டு போனான். 

“சித்தலிங்கய்யா என்கிட்ட மன்னிப்புக் கேட்டார்” என்றான் சுஹாஸ். “உங்க மேடம்கிட்ட சொன்னது என் தப்பு சார்னு. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல. அவர் வீடுதான் முதல்ல போயிருக்கும்.”

அதிதி பஞ்சை மாற்றினாள்.

“சட்டமா பார்த்தா நீ பண்ணது சரி. ஷங்கர் சொன்னார், ஆபீசர் சொன்னார், எல்லாரும் சொல்லிட்டா. ஆனா அந்த டேபிள்ல, அத்தனை பேருக்கு நடுவுல, எனக்கு விஷயமே தெரியாம உட்கார்ந்திருந்தேன் பாரு…” அவன் நிறுத்தினான். “நீ ஹோட்டலுக்கு வந்து என்னை வெளியே கூப்பிட்டிருக்கலாம். ஸ்கூட்டர்ல லிங்கராஜபுரம் போகத் தெரிஞ்சவளுக்கு ஹோட்டலுக்கு வரத் தெரியாதா?”

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அல்லது தோன்றவிடாமல் வைத்திருந்தாளோ? அவன் முகத்தைப் பார்த்தால் மறுபடி ‘சரி’ என்று சொல்லிவிடுவோம் என்கிற பயம்.

“தோணல” என்றாள். “வந்தா நீ என்னை மறுபடி சம்மதிக்க வெச்சுடுவேன்னு பயமா இருந்திருக்கும்.”

அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

“நீ மதகை மூடச் சொன்னப்போ ஏன் என்கிட்ட சொல்லல?” என்று அவள் கேட்டாள். “சத்தியம் பண்ணிருந்தே.”

“ஒரு நாள்தானேன்னு நினைச்சேன்.”

“நான் வந்து கூப்பிட்டிருந்தா, திறக்கச் சொல்லிருப்பியா? அவாளையெல்லாம் உட்கார வெச்சுட்டு?”

சொல்லியிருப்பேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். எந்தப் புருஷனும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்வான்; எந்தப் பெண்டாட்டியும் அதை நம்பிவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வாள். சுஹாஸ் தன் முழங்கையைப் பார்த்தான். விரல்கள் கட்டிலின் விளிம்பில் தாளம் போடத் தொடங்கி, நின்றன.

“தெரியல, அதிதி” என்றான். “மூணு நாளா அதையேதான் கேட்டுண்டிருக்கேன். நிஜமாவே தெரியல.”

அவள் டெட்டால் பாட்டிலை மூடித் தரையில் வைத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அவன் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு, உட்கார்ந்தாள். இந்த மூன்று வருஷத்தில் இவன் எத்தனையோ இனிப்பாகப் பேசியிருக்கிறான். எதையும் இவ்வளவு முழுசாக அவள் நம்பியதில்லை.

“இலை போட்டாச்சு” என்று சமையலறையிலிருந்து ருக்மிணி குரல் கொடுத்தாள். “ரெண்டு பேரும் வாங்கோ. ஆறிப் போறது.”

சுஹாஸ் எழுந்தான். வாசல்வரை போனவன் திரும்பி, அவள் எழுந்து வருகிறாளா என்று பார்த்து நின்றான்.